பொதுவில் விட்ட மெக்சிகோ காசு

அரூர் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மை டப்பி. இதுதான் என் சாம்ராஜ்யம். இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். அதில் பாதிக்கு மேல் பாகப்பிரிவினை. "ஒத்துமையா இருந்த வூட்டையெல்லாம் பிரிச்சு வுட்டவரு" என்று என் மனைவி என்னை வெளியாட்களிடம் அறிமுகப்படுத்துவாள். நான் யாரையும் பிரித்ததில்லை. அவர்கள் பிரிந்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். நான் அந்தப் பிரிவுக்கு நல்ல தமிழில் நான்கு எல்லை எழுதிக் கொடுக்கிறேன்.

எனக்கென்று பிரிக்க எதுவும் கிடையாது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா எனக்கு விட்டுச் சென்றது ஒரு சைக்கிள், கொஞ்சம் சர்க்கரை வியாதி. இரண்டுக்கும் பங்கு கேட்டு யாரும் வரவில்லை. அப்படிப்பட்ட நான் ஐம்பது வயதுக்கு மேல் எனக்காகவே ஒரு பாகப்பிரிவினை எழுதிக்கொண்டேன். பிரித்த சொத்து மெக்சிகோ நாட்டு வெள்ளிக் காசுகள். எதிர்த் தரப்பு, அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. கூட்டுறவு வங்கி ஒன்றில் நகை மதிப்பீட்டாளராக இருந்த என் நண்பன்.

அவன் என்னைவிட எட்டு மாதம் மூத்தவன். அந்த எட்டு மாதத்தை ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒருவரை ஒருவர் 'பங்காளி' என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயர் வந்ததே முதல் காசால்தான்.

கிரானைட் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதுபவர் வீட்டுமனை பதிய வந்திருந்தார். சர்வர் வேலை செய்யவில்லை. காத்திருந்த நேரத்தில் பையிலிருந்து ஒரு வட்டமான பிளாஸ்டிக் டப்பியை எடுத்தார். உள்ளே அப்பளம் மாதிரி ஒரு வெள்ளிக் காசு. கல் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் முதலாளிக்குக் கொடுத்தாராம், முதலாளி இவருக்குக் கொடுத்தாராம். இதை எங்கே விற்கலாம் என்று கேட்டார்.

நான் டப்பியைத் திறந்து காசை வெளியே எடுத்தேன். அதற்கு ஒரு நிமிடம் முன்னால்தான் ஒரு பாட்டியின் கட்டை விரலைப் பிடித்து மையில் அமுக்கியிருந்தேன். அதில் பாதி மை என் விரலில் இருந்தது. மெக்சிகோவின் சிறகு முளைத்த பெண் தெய்வத்தின் வயிற்றில் என் இடது பெருவிரல் ரேகை அழகாக விழுந்தது.

பதறிப்போய், எதிர்ச் சாரியில் டீ குடித்துக்கொண்டிருந்த மதிப்பீட்டாளர் நண்பனைக் கூப்பிட்டேன். வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து உரைகல்லை எடுத்தான். காசின் ஓரத்தை அதில் இழுத்தான். பதினைந்து வருடப் பழக்கம். கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் உரசிவிடுவான்.

"சுத்தமான வெள்ளிதான்யா. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது டச்" என்றான்.

கணக்கர் காசைப் பார்த்தார். ஒரு பக்கம் ரேகை, ஓரத்தில் கீறல். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இதுக்கு மேல நான் இத எங்கீங்க கொண்டு போயி விப்பேன்? நீங்களே வாங்கிக்குங்க" என்றார்.

கண்ணாடிக் கடையில் பொருளை உடைத்தவன் வாங்கித்தான் ஆக வேண்டும். உடைத்தவர்கள் இரண்டு பேர் என்பதால் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். காசுச் சேகரிப்பாளர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து அதன் படத்தைப் போட்டோம். யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும் அழுகிற முகம் ஒன்றைப் போட்டார்.

அந்தக் காசில் எங்களைப் பிடித்து இழுத்தது ஒரு விஷயம். அதில் எவ்வளவு என்று எழுதியிருக்காது. நம்முடைய காசில் ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் என்று இருக்கும். இதில் எடையும் சுத்தமும் வருடமும் மட்டும்தான். ஒரு பக்கம் கள்ளிச் செடிமேல் கழுகு பாம்பைக் கொத்திக்கொண்டு நிற்கும். மறுபக்கம் சிறகுள்ள பெண், அவளுக்குப் பின்னால் இரண்டு மலை.

"மதிப்பு போடாம வுட்டிருக்கான் பாரு. போடறதுக்கு ஆளு வேணும்னுதான் வுட்டிருக்கான். அந்த ஆளு நான்தான்" என்றான் அவன்.

அதன் பிறகு வருடத்துக்கு ஒன்று, இரண்டு என்று வாங்கினோம். கோயம்புத்தூர்க் கண்காட்சியில் ஒன்று, ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று. எல்லாமே பாதிப் பாதி. யாராவது கேட்டால், வெள்ளி விலை ஏறும், மெக்சிகோக்காரன் கொஞ்சமாகத்தான் அடிக்கிறான், அதனால் வெள்ளி விலைக்கு மேலேயும் ஒரு விலை நிற்கும் என்று இருவரும் ஒரே குரலில் சொல்வோம். வெள்ளி ஏறும்போது "இன்னும் ஏறட்டும்" என்போம். இறங்கும்போது "இறங்கறப்ப எவனாவது விப்பானா?" என்போம். இந்த இரண்டு கொள்கைகளையும் கடைப்பிடித்ததில் ஒரு காசுகூட விற்கவில்லை.

காசுப் பெட்டி ஆறு மாதம் அவன் வீட்டில், ஆறு மாதம் என் வீட்டில். முதல் தடவை என் வீட்டுக்கு வந்தபோது மனைவி பூஜை அறையில் வைக்க விடவில்லை.

"கழுகும் பாம்பும் சண்ட போடற காசு வூட்டுக்கு ஆவாதுங்க. நம்ம ரெண்டு பேரு போடற சண்ட பத்தாதா?"

அவன்தான் சமாதானம் சொன்னான். "அது கழுகில்ல தங்கச்சி, கருடன். கருடன் பாம்ப வாயில வச்சிருந்தா அந்த வூட்டுல விஷம் தங்காது." மெக்சிகோவில் கருடன் எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் சரி. நான் சொன்னால்தான் ஆதாரம் கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் நேரம். பதிவு அலுவலகம் பூட்டியிருக்கும். என் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேசைமேல் துண்டை விரித்து, காசுகளை வருட வரிசையில் அடுக்குவோம். புதிதாக ஒன்று வந்திருந்தால் பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் கட்டி வாங்கி வந்து அதன்மேல் வைப்போம். சுத்த வெள்ளி என்றால் ஐஸ் கண்ணெதிரே கரைந்து ஓடும். உரைகல்லை அவனிடமிருந்து பிடுங்கி என் டிராயரில் பூட்டி வைத்திருந்ததால் இந்த ஏற்பாடு. பிறகு அவன் ஒவ்வொன்றாக விரல் நுனியில் நிறுத்தி, தட்டி, காதோடு வைத்துக் கேட்பான். "ங்ஙீ…ன்னு போவுது பாரு" என்று என் காதிலும் வைப்பான். எனக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். கேட்காவிட்டாலும் கேட்டதுபோல் தலையாட்டுவேன். அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் அதே காதில்தான் வைப்பான்.

நாங்கள் இருவரும் திருப்பதிக்கு அப்பால் போனதில்லை. காசில் இருக்கும் அந்த இரண்டு மலைகளில் ஒன்று அச்சு அசல் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தீர்த்தமலை என்பான் அவன். இல்லை, வத்தல்மலை என்பேன் நான். இப்படியே நாலு மணி ஆகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துண்டை விரித்துக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"பொண்ணு வரச் சொல்லுதுயா. கொழந்தைய பாத்துக்க ஆளில்ல. நானும் வூட்டுக்காரியும் பெங்களூருக்குப் போயிரலாம்னு இருக்கோம்."

"எத்தன நாளைக்கு?"

"கொழந்த ஸ்கூலுக்குப் போற வரைக்கும்."

குழந்தைக்கு அப்போது நான்கு மாதம்.

நான் ஒரு ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று இப்போது நினைவில்லை. ஏதாவது கஷ்டமாகக் கேள்விப்பட்டால் என் வாயிலிருந்து தானாக ஒரு ஜோக் வந்துவிடும், அது ஒரு வியாதி. அவன் சிரிக்கவில்லை.

"காச பிரிச்சுக்கலாம் பங்காளி. போற வர்ற இடத்துல உன்னுது என்னுதுன்னு கொழப்பம் வேணாம்."

எங்கள் பக்கத்தில் பாகம் பிரிக்க ஒரு முறை உண்டு. மூத்தவன் பிரித்து வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். அப்போதுதான் பிரிப்பவன் ஓரம் சாயாமல் பிரிப்பான். எட்டு மாதப் பெருமைக்காரன் என்பதால் அவன்தான் பிரித்தான். மொத்தம் பதினைந்து காசு. அரை மணி நேரம் மாற்றி மாற்றி வைத்தான். நல்ல வருடம் ஒன்று இந்தப் பக்கம் போனால் அதற்கு ஈடாக அந்தப் பக்கம் இரண்டு சுமாரான வருடம். கடைசியில் ஏழு, ஏழு. நான் ரேகையும் கீறலும் உள்ள காசு எந்தக் கூறில் இருந்ததோ, அந்தக் கூறைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

"யோவ், அது மட்டமான கூறுயா."

"எனக்கு மட்டம் போதும்."

"அத நீ எடுக்க மாட்டேன்னு நெனச்சு வச்சேன்" என்றான். முகம் சின்னதாகிப் போனது.

துண்டின் நடுவில் ஒரு காசு மிச்சம். கடைசியாக வாங்கியது. விசேஷம் ஒன்றும் இல்லாத வருடம்.

"அத நீயே வச்சுக்க" என்றான்.

"அதெப்படி? நிலத்த பிரிச்சா கெணத்த என்னா பண்றோம்? பாதியா வெட்டியா குடுக்கறோம்? பொதுவுல வுடறோம். ஆளுக்கொரு முற வச்சு தண்ணி எறைக்கறோம். இது கெணறு."

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதினேன். மேற்படி காசு ஒன்று இரு தரப்புக்கும் பொதுவில் விடப்பட்டுள்ளது. ஆறு மாதம் ஒருவர், ஆறு மாதம் மற்றவர் வைத்திருந்து, தை மாதமும் ஆடி மாதமும் நேரில் ஒப்படைத்துக்கொள்ள வேண்டியது. அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான்.

"நேர்லன்னு ஏன்யா போட்டே? கூரியர்ல அனுப்ப மாட்டியா?"

"கெணத்த கூரியர்ல அனுப்பற வழக்கம் எங்க ஆபீஸ்ல இல்ல."

சிரித்தபடி கையெழுத்துப் போட்டான். அந்த வாரமே போய்விட்டான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வழக்கம்போல் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினேன். துண்டை விரித்தேன். ஏழு காசுகளை அடுக்க ஒரு நிமிடம்தான் ஆனது. ஒன்றைத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தேன், மந்தமான காதில் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல காதில் வைத்தேன், கேட்டது. பன்னிரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தை முதல் தடவையாகக் கேட்கிறேன். அவன் சொன்னதுபோல 'ங்ஙீ' என்றுதான் போனது. இதை உடனே அவனிடம் சொல்ல வேண்டும் என்று போன் செய்தேன். குழந்தை அழுதது. "அப்பறம் கூப்புடறேன்யா, போனப் புடுங்குது" என்று வைத்துவிட்டான். அப்புறம் சொல்வதற்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

ஆனால் தையிலும் ஆடியிலும் வந்தான். காலை ரயிலில் மொரப்பூரில் இறங்குவான். நான் வண்டியோடு போய் நிற்பேன். ரயில் நேரத்துக்கு வரும் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதும் இருந்ததில்லை, ஆனாலும் ஒரு மணி நேரம் முன்னாடியே போய்விடுவேன். இறங்கியவுடன் "ஊட்டா ஆய்த்தா?" என்பான். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம், பெங்களூரில் கற்றுக்கொண்ட கன்னடம் மொத்தமும் அதுதான். வீட்டில் என் மனைவி களி கிண்டி வைத்திருப்பாள், கொள்ளுக் கடைசலோடு. "அங்க கேழ்வரகு கெடைக்குது தங்கச்சி, களி கெடைக்கல" என்று இரண்டு உருண்டை சாப்பிடுவான். மத்தியானம் கடை, துண்டு, பதினைந்து காசும் ஒன்றாக. சாயங்கால ரயிலுக்குத் திரும்பிவிடுவான். ஒரு நாளில் ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்துக்காக நான் ஒரு மாதம் முன்பே முடி வெட்டிக்கொள்வேன். "பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்பாள் மனைவி.

நான்கு தடவை வந்தான். ஐந்தாவது தடவைக்கு முன்னால் மார்கழியில் போன் செய்தான்.

"முட்டி ரொம்ப வலிக்குதுயா. மாடிப்படியே எறங்க முடியல. பொண்ணுக்கு மறுபடியும் அஞ்சாம் மாசம். இந்த ஒத்தக் காசுக்காக எத்தன வாட்டி வர்றது சொல்லு? இங்க ஒரு கடையில அதே மாதிரி ஒன்னு பாத்து வச்சிருக்கறேன். வாங்கிட்டு வந்துடறேன். ஆளுக்கு ஒன்னு ஆயிரும். தையோட முடிச்சுக்கலாம்."

"சரி பங்காளி, கெணத்த மூடிரலாம்" என்றேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு அரை மணி நேரமாக ஒரு கிரையப் பத்திரத்தில் வடக்குக்குத் தெற்கு என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் கணக்குப் போட்டேன். பொதுவில் இருப்பது ஒன்று. அவன் கொண்டு வருவது ஒன்று. ஆக இரண்டு, ஆளுக்கு ஒன்று, முடிந்தது. ஆனால் நானும் ஒன்று வாங்கிப் பொதுவில் போட்டால் மூன்று. மூன்றைப் பிரிக்க முடியாது. ஒன்று மிச்சம் விழும். மிச்சம் விழுந்தால் ஆடிக்கு வந்துதான் ஆக வேண்டும்.

கோயம்புத்தூர் வியாபாரியிடம் சொல்லி ஒரு காசு வரவழைத்தேன். பார்சலை மனைவிதான் வாங்கி வைத்தாள்.

"வெள்ளி ஏறும்னு வாங்கனீங்களா, அண்ணன் வராம போயிருவாருன்னு வாங்கனீங்களா?"

"வெள்ளி ஏறும்னுதான்."

"ஆமாமா. முடி வெட்டிக்குங்க, நாள் ஆச்சு."

அவன் கேட்டால் சொல்ல ஒரு பொய்யும் தயார் செய்தேன். நம் இருவர் பெயரிலும் எப்போதோ சொல்லி வைத்தது, மறந்தே போய்விட்டேன், இப்போதுதான் அனுப்பினான். சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் எனக்கே அது உண்மைபோல் ஆகிவிட்டது.

தை மாதம் வந்தான். ரயில் பெட்டியிலிருந்து இறங்க அவனுக்கு வெகு நேரம் பிடித்தது. பின்னால் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். நான் கை கொடுத்தேன். "புடிக்காத, நான் என்னா கெழவனா?" என்று சொல்லிக்கொண்டே பிடித்துக்கொண்டான். வண்டியில் காலைத் தூக்கிப் போடவும் சிரமப்பட்டான். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். பள்ளம் வரும் இடமெல்லாம் மெதுவாக ஓட்டினேன். அவன் "ஊட்டா ஆய்த்தா" சொல்லவில்லை. களி ஒரு உருண்டைதான் சாப்பிட்டான்.

கடைக்கு வந்தோம். ஷட்டரை இறக்கி, துண்டை விரித்தேன். என் சட்டைப் பையில் புதுக் காசு டப்பியோடு இருந்தது. அவன் பையிலிருந்து பொதுக் காசை எடுத்துத் துண்டின் நடுவில் வைத்தான். நான் என் பைக்குள் கையை விட்டேன். டப்பி விரலில் பட்டது. பொய்யின் முதல் வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அதற்குள் அவன் கைக்குட்டையில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தான். அதே சிறகுள்ள பெண். ஒன்று அல்ல, இரண்டு.

"அந்தக் கடைக்காரன் ஒத்தையா தர மாட்டேன்னுட்டான்யா. ஜோடியாதான் குடுப்பேன்னான். என்னா பண்றது, வாங்கிட்டேன்."

இதைத் துண்டைப் பார்த்துச் சொன்னான். என்னைப் பார்க்கவில்லை. காசுகளை விரலால் நகர்த்தி நகர்த்தி நேராக்கிக்கொண்டே இருந்தான், ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

இத்தனை வருடத்தில் ஜோடியாகத்தான் விற்பேன் என்று சொன்ன காசு வியாபாரி ஒருவனை நான் கண்டதில்லை. அவனும் கண்டதில்லை. அரை குந்துமணி எடை விட்டுப்போனால் கண்டுபிடிக்கிறவன் அவன். ஒன்று வாங்கப் போய் இரண்டு வாங்கிவிட்டு வருகிற ஆள் கிடையாது.

துண்டின்மேல் மூன்று காசு. என் விரலில் நான்காவது. அதை எடுத்து வைத்தால் ஆளுக்கு இரண்டு. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கையை வெறுமனே வெளியே எடுத்தேன்.

"என்னாயா பையில?"

"மாத்திர."

"போடு, போடு. வயசாவுது இல்ல?"

"ஒன்னு மீறுதே பங்காளி" என்றேன்.

"மீறுதுதான்" என்று பெருமூச்சு விட்டான். ரொம்ப நல்ல பெருமூச்சு. "மறுபடியும் பொதுவுல போட்டு எழுது. ஆடிப் பதினெட்டு சமயத்துல ரயிலு கூட்டமா இருக்கும். நான் இப்பவே சீட்டு போட்டுடறேன்."

அந்த மத்தியானம் முழுக்கத் தீர்த்தமலையா வத்தல்மலையா என்று சண்டை போட்டோம். சட்டைப் பை கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் காசைத் தட்டி என் மந்தமான காதில் வைத்தபோதெல்லாம் தலையாட்டினேன்.

சாயங்காலம் ரயிலேற்றிவிட்டுக் கடைக்குத் திரும்பி வந்து டப்பியைத் திறந்தேன். அதுவரை அந்தக் காசை நான் சரியாகப் பார்த்திருக்கவே இல்லை. இடது சிறகின் நுனியில் ஒரு கோடு இரட்டையாக விழுந்திருந்தது. அச்சு அடிக்கும்போது லேசாக அசைந்திருக்க வேண்டும். இப்படி அபூர்வமாக அச்சு பிசகிய ஒன்றைப் பார்க்கத்தான் பன்னிரண்டு வருடம் அவன் இங்கே லென்சோடு உட்கார்ந்திருந்தான். முழுதாக எனக்கே எனக்கு என்று நான் வாங்கிய முதல் காசு அது. வேறு யாருக்கும் அதில் பாதி கிடையாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியவில்லை.

போன் செய்தேன்.

"எங்க வந்துட்டே?"

"சாமல்பட்டி தாண்டிட்டுது. ஏன்யா?"

"உக்கார எடம் கெடச்சுதா?"

"ஜன்னலோரம். நீ என்னா, இப்பதான பிரிஞ்சோம்? ஏதாவது வுட்டுட்டு வந்துட்டனா?"

சிறகைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் காசைச் சொல்ல வேண்டும். காசைச் சொன்னால் பொதுவில் வைக்க வேண்டும்.

"ஒன்னுமில்ல. சும்மாதான்" என்றேன்.

லைனில் ரயில் சத்தம் கேட்டது. பிறகு சிக்னல் போய்விட்டது.

ஆடிக்கு மீண்டும் பொதுவில் ஒன்றுதான் இருக்கும். இந்தச் சிறகுக் காசை எடுத்து வைத்தால் இரண்டாகிவிடும், ஆளுக்கு ஒன்று, முடிந்துவிடும். வைக்காவிட்டால் அந்தச் சிறகை அவன் பார்க்கவே முடியாது. வைக்க வேண்டும் என்றால் இன்னொன்றும் சேர்த்து மூன்றாக வைக்க வேண்டும். கோயம்புத்தூர் வியாபாரியைக் கூப்பிட்டு, இன்னும் காசு இருக்கிறதா என்று கேட்டேன்.

"நெறைய இருக்குங்க சார். ஜோடியா அனுப்பட்டுங்களா? வெலை கொஞ்சம் கொறைச்சுப் போடறேன்."

"வேண்டாங்க" என்றேன். "ஒத்தையா ஒன்னே ஒன்னு அனுப்புங்க."